ஃபிஃப்த் வீல் ஹிட்சை பிக்கப் பெட்டில் எங்கே பூட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பத்தோடு ஊர் சுற்ற ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் ஒரு கட்டத்தில் ஃபிஃப்த் வீல் என்ற ட்ரெய்லர் வகையின் பக்கம் பார்வையைத் திருப்புவார்கள். சாதாரண ட்ரெய்லர் வண்டியின் பம்பருக்குப் பின்னால் தொங்கும். இது அப்படியில்லை. பிக்கப் ட்ரக்கின் பின்னால் இருக்கும் திறந்த சரக்குத் தொட்டிக்குள், அதாவது பெட்டுக்குள், ஒரு ஹிட்சை, அதாவது இணைப்புக் கருவியைப் பூட்டி அதன்மேல் ட்ரெய்லரின் மூக்கை உட்கார வைக்க வேண்டும். அந்த ஹிட்சை எந்த இடத்தில் பூட்டுவது என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

நான் டெக்சாஸில் ஆறரை அடி பெட் உள்ள 2500 என்ற கனரகப் பிக்கப்பில் 32 அடி ஃபிஃப்த் வீலை இழுத்துக்கொண்டு திரிகிறேன். முதல் வருடத்திலேயே கேபினின் பின்ஜன்னல் கண்ணாடியைப் பலி கொடுத்தவன் என்பதால் நண்பர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில், இதற்கு ஏன் “ஐந்தாவது சக்கரம்” என்று பெயர்? நான்குதானே இருக்கிறது?

குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. நான்கு சக்கர வண்டியில் முன் ஆக்சில் இடம் வலம் திரும்புவதற்காக, அதன்மேல் படுக்கை வசத்தில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதுதான் ஐந்தாவது சக்கரம். இன்று பெரிய லாரிகளின் முதுகில் இருக்கும் கிரீஸ் பூசிய தட்டும், நம் பிக்கப்பில் பூட்டுகிற ஹிட்சும் அதன் வாரிசுகள். ட்ரெய்லரின் மூக்குக்குக் கீழே 2 அங்குல விட்டமுள்ள ஒரு இரும்புக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அது கிங்பின். ஹிட்சின் தாடை அதைக் கவ்விக்கொள்ளும். கிங்பின்னைத் தாங்கி நிற்கும் பெட்டி போன்ற அமைப்புக்கு பின் பாக்ஸ் (pin box) என்று பெயர். இந்த மூன்று சொற்களும் தெரிந்தால் மிச்சத்தைப் படித்துவிடலாம்.

சரி, ஹிட்சின் நடுப்புள்ளி எங்கே இருக்க வேண்டும்?

பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால், அதாவது கேபின் பக்கமாக. பெரும்பாலானவர்கள் 0 முதல் 2 அங்குலத்துக்குள் வைக்கிறார்கள். நான்கைந்து அங்குலம் வரை முன்னால் போகலாம். அதற்கு மேல் முன்னால் தள்ளினால் பெரிதாக லாபம் ஒன்றும் இல்லை, கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் உள்ள இடம்தான் குறையும்.

பின் ஆக்சிலுக்குப் பின்னால் மட்டும் கூடாது. ஓர் அங்குலம்கூட.

ஏன் அவ்வளவு கண்டிப்பு? ஓர் அங்குலம் பின்னால் போனால் என்ன ஆகிவிடும்?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முன்பாரமாக ஏற்றினால் மாட்டின் கழுத்து அழுந்தும். கொஞ்சம் அழுந்தினால் பரவாயில்லை. பின்பாரமாகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாது. பிக்கப்பில் பின் ஆக்சில்தான் அந்த வண்டியின் அச்சு, முன் சக்கரங்கள்தான் மாடு. ஹிட்ச் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் முன்பாரம். பின்னால் இருந்தால் பின்பாரம், ஸ்டியரிங் லேசாகும்.

இனி எண்ணில் பார்ப்போம். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் கிங்பின் வழியாக ஹிட்சில் இறங்கும் எடை சுமார் 2,400 பவுண்டு இருக்கும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையில் 160 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிட்ச் 2 அங்குலம் முன்னால் இருந்தால் முன் சக்கரங்களுக்குக் கூடுதலாகப் போகும் எடை 2,400 பெருக்கல் 2 வகுத்தல் 160, அதாவது வெறும் 30 பவுண்டு. ஒரு அரிசி மூட்டைகூட இல்லை. 4 அங்குலம் பின்னால் வைத்தால் முன்னால் குறைவது 60 பவுண்டு.

இதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயமுறுத்தல்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு அது. ஓடும்போது விஷயம் வேறு. நெடுஞ்சாலையில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது, அல்லது பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடக்கும்போது, ட்ரெய்லர் பிக்கப்பைப் பக்கவாட்டில் நெட்டும். நெட்டு விழும் இடம் ஆக்சிலுக்கு நேர் மேலே இருந்தால் பின் டயர்கள் அதை அப்படியே தாங்கிக்கொள்ளும், வண்டி திரும்பாது. ஆக்சிலுக்குப் பின்னால் விழுந்தால் அது நெம்புகோல். வால் ஒரு பக்கம் போக, மூக்கு மறுபக்கம் போகும். ட்ரெய்லர் உங்கள் கையிலிருக்கும் ஸ்டியரிங்கோடு போட்டி போட ஆரம்பிக்கும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது 2,400 பவுண்டு 2,400 ஆகவே இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பம்பருக்குப் பின்னால் பந்தில் மாட்டும் ட்ரெய்லரோடு ஒப்பிட்டால் ஃபிஃப்த் வீலின் அருமை தெரியும். அங்கே பந்து பின் ஆக்சிலிலிருந்து நான்கடி பின்னால் இருக்கும். நாக்கு எடை, அதாவது பந்தின்மேல் இறங்கும் எடை, 1,000 பவுண்டு இருந்தாலே முன் சக்கரங்களிலிருந்து 300 பவுண்டைத் தூக்கிவிடும். அதைச் சரிக்கட்ட எடையைப் பகிரும் கம்பிகள், ஆட்டத்தை அடக்கும் கருவிகள் என்று தனியாக வாங்கிப் பூட்டுகிறார்கள். ஃபிஃப்த் வீலில் அந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணமே ஹிட்ச் ஆக்சிலின் தலைமேல் இருப்பதுதான். இத்தனை காசு கொடுத்து இதை வாங்கிவிட்டு, ஹிட்சை ஆக்சிலுக்குப் பின்னால் வைத்தால் எதற்காக வாங்கினோமோ அதையே இழக்கிறோம்.

ஆக்சிலின் நடு எங்கே இருக்கிறது என்று பெட்டுக்குள் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சக்கரத்தின் மேல் இருக்கும் திமில் போன்ற வளைவின் நடுவை ஆக்சிலின் நடு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

எனக்கு வேலை செய்தது கொத்தனாரின் தூக்குக்குண்டு. குண்டு இல்லாததால் நூலில் ஒரு கனத்த நட்டைக் கட்டினேன். வண்டியைச் சமதரையில், சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். பெட்டின் பக்கச் சுவர் மேல்விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, பின் சக்கர மூடியின் மையத்தை நூல் தொடும் வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். காற்றடித்தால் நட்டு ஆடிக்கொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். நூல் நிலைத்ததும் மேல்விளிம்பில் பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப்பை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். மறுபக்கமும் அதே மாதிரி. இரண்டு கோடுகளுக்கும் இடையில் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் அதுதான் ஆக்சில் கோடு.

இப்போது அந்த நூலிலிருந்து கேபினின் பின்சுவர் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெட்டின் முன்சுவர் வரை அல்ல, கேபின் வரை. இரண்டுக்கும் இடையில் ஒரு சந்து உண்டு. 8 அடி பெட் என்றால் இந்த அளவு 56 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஆறரை அடி பெட் என்றால் 40ஐ ஒட்டி. வண்டிக்கு வண்டி மாறும், அதனால் என் எண்ணை நம்பாதீர்கள், டேப்பை எடுங்கள்.

கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் எவ்வளவு இடம் வேண்டும்?

எல்லாரும் சொல்லும் சுருக்கு வழி இது: ட்ரெய்லரின் அகலத்தில் பாதி, அதோடு 4 அங்குலம். இன்றைய பெரிய ட்ரெய்லர்கள் 102 அங்குல அகலம், அதாவது எட்டரை அடி. பாதி 51. நாலு கூட்டினால் 55. ஹிட்சின் நடுவிலிருந்து கேபின் வரை 55 அங்குலம் இருந்தால் செங்குத்தாக, அதாவது 90 டிகிரி, திரும்பலாம் என்பது கணக்கு.

இந்தச் சுருக்கு வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கிங்பின் ட்ரெய்லரின் முகப்புக்கு நேர் கீழே இருந்தால்தான் கணக்கு சரி. பல ட்ரெய்லர்களில் கிங்பின்னுக்கு முன்னால் இன்னும் ஓரடி மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது கேபினுக்கு மிக அருகில் வருவது 90 டிகிரியில் அல்ல, அதற்கு முன்பே.

பள்ளிக்கூடத்துப் பிதாகரஸை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிங்பின்னிலிருந்து மூக்கு 12 அங்குலம் முன்னால், மூலை 51 அங்குலம் பக்கவாட்டில். அப்படியானால் கிங்பின்னிலிருந்து மூலைக்கு உள்ள தூரம் 12ன் வர்க்கத்தையும் 51ன் வர்க்கத்தையும் கூட்டி அதன் வர்க்கமூலம், சுமார் 52.4 அங்குலம். அந்த மூலை 52.4 அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போடும். கேபினை நோக்கி அது முழுதாக நீட்டி நிற்பது சுமார் 77 டிகிரித் திருப்பத்தில். மூக்கு 20 அங்குலம் நீட்டியிருந்தால் ஆரம் 54.8, ஆபத்தான இடம் 69 டிகிரி. “90ல் போகும்” என்று நினைத்து வளைத்தால் 70ஐ நெருங்கும்போதே இடிக்கலாம்.

நல்ல காலமாக, நிஜத்தில் முகப்பின் மூலைகள் பெரும்பாலும் உருண்டோ சரிந்தோ இருக்கும். சிலவற்றில் திரும்புவதற்கென்றே மூலையைக் குழித்து விட்டிருப்பார்கள். ஆகவே நான் சொன்னது கூர்மூலைக் கணக்கு, மோசமான நிலை. உங்கள் ட்ரெய்லரில் கிங்பின்னிலிருந்து மூலைவரை நீங்களே டேப்பைப் பிடித்து அளந்தால் போதும். அதோடு நாலு அங்குலம் கூட்டுங்கள். அந்த நாலு அங்குலம் எதற்கு? சரிவில் இறங்கும் வாசல்களில் பிக்கப் ஒரு கோணத்திலும் ட்ரெய்லர் வேறு கோணத்திலும் நிற்கும்போது கேபினின் மேல்பகுதி மூக்கை நோக்கிச் சாயும், அதற்கு.

ஆறரை அடி பெட்டில் ட்ரெய்லர் எதுவரை திரும்பும்?

ஹிட்சிலிருந்து கேபின் வரை 40 அங்குலம், 102 அங்குல அகலம், 12 அங்குல மூக்கு, கூர்மூலை. போட்டுப் பார்த்தால் 36, 37 டிகிரியிலேயே மூலை கேபினைத் தொட்டுவிடும். கிங்பின்னை முன்னால் தள்ளி வைக்கும் நீட்டிய பின் பாக்ஸ் இருந்து, கிங்பின் முகப்புக்கு நேர் கீழே வந்தால், 51 டிகிரி வரை போகலாம். முன்னோக்கி ஓட்டும்போது சாதாரணத் தெருமுனைகளில் இது பெரும்பாலும் தட்டாது. ரிவர்ஸ் எடுத்து முகாமுக்குள் நுழைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

உங்கள் பின்கண்ணாடி எப்படி உடைந்தது?

கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். ட்ரெய்லர் விற்றவர் “ஆறரை அடி பெட்டா? தாராளமாகத் திரும்பும்” என்றார். நான் டேப்பை எடுக்கவில்லை. முதல் இரண்டு பயணங்களில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் மாலை இருட்டும் நேரம், மரங்களுக்கு நடுவே ஒரு குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸ் எடுத்தேன். மனைவி ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று “வாங்க, வாங்க” என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். நான் இடது பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூலை வந்தது என் இடது தோளுக்குப் பின்னால்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு முறுக்கல், அப்புறம் பின்கண்ணாடி முழுக்கக் கற்கண்டு கொட்டியது போலப் பின்சீட்டில் விழுந்தது. மகளின் சீட் பெல்ட் கொக்கிக்குள் இருந்த கண்ணாடித் துணுக்குகளை ஒரு வாரம் கழித்தும் எடுத்துக்கொண்டிருந்தோம். ட்ரெய்லரின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். ட்ரெய்லர் ஜெயித்தது.

இதில் கவனிக்க வேண்டியது: பின்னால் நின்று கை காட்டுகிறவருக்கு மூலையும் கேபினும் தெரியாது. இப்போதெல்லாம் கடைசி வளைப்பில் அவள் ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று அந்த இடைவெளியை மட்டும் பார்க்கிறாள்.

அப்படியானால் குட்டை பெட்டுக்கு என்னதான் வழி? ஹிட்சை நாலு அங்குலம் பின்னால் தள்ளிவிட்டால் என்ன?

முடியாது. மேலே சொன்ன பின்பாரம்தான். ஹிட்சின் இடத்தை ஆக்சில் தீர்மானிக்கட்டும். கேபின் இடிக்கும் பிரச்சினையை வேறு கருவியால் தீர்க்க வேண்டும். மூன்று வழிகள் உண்டு.

கையால் நகர்த்தும் ஸ்லைடர் ஹிட்ச் மலிவானது. ரோட்டில் ஓடும்போது ஹிட்ச் ஆக்சிலுக்கு மேலே பூட்டியிருக்கும். குறுகிய இடத்தில் நுழையும் முன் வண்டியை நிறுத்தி, இறங்கி, பூட்டுப் பிடியை விடுவித்து, ட்ரெய்லர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னே நகர்த்த வேண்டும். ஹிட்ச் பத்துப் பன்னிரண்டு அங்குலம் பின்னுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். இந்த நிலையில் அது ஆக்சிலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ந்து நகரும் வேகத்தில் மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு. வேலை முடிந்ததும் திருப்பி முன்னால் கொண்டுவந்து பூட்டாமல் நெடுஞ்சாலை ஏறக்கூடாது. குறை என்னவென்றால், தேவைப்படும் என்று முன்கூட்டியே நமக்குத் தோன்ற வேண்டும். எனக்கு அன்று தோன்றியிருக்காது.

தானாக நகரும் ஸ்லைடர் இரண்டாவது. புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைடு இந்த வகையில் பெயர் பெற்றது. வண்டி வளையும்போது ஹிட்ச் தானே பின்னுக்கு நகரும், நேரானதும் தானே முன்னுக்கு வரும். கிங்பின் ஹிட்சுக்குள் சுழலாமல் இருக்க பின் பாக்ஸில் ஒரு தகடு பூட்ட வேண்டும். கனம் அதிகம், விலையும் அதிகம். கண்ணாடிக்குப் பிறகு நான் வாங்கியது இந்த வகைதான். இறங்க வேண்டாம், யோசிக்க வேண்டாம். ஆனால் நகர்வு நடக்க வண்டி உருண்டுகொண்டே திரும்ப வேண்டும், நின்ற இடத்தில் ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, ட்ரெய்லரின் பின் பாக்ஸையே மாற்றுவது. ரீஸ் நிறுவனத்தின் சைட்வைண்டர் என்ற பின் பாக்ஸ், சுழலும் புள்ளியை கிங்பின்னிலிருந்து 22 அங்குலம் பின்னால், ட்ரெய்லருக்கு அடியில் கொண்டுபோய்விடும். கிங்பின் ஹிட்சோடு ஆப்பு அடித்ததுபோல் அசையாமல் நிற்கும். எடை இறங்குவது பழைய இடத்தில், அதாவது ஆக்சில் மேலேயே. நல்ல யோசனை. ஆனாலும் கணக்கைப் போட்டுவிடுங்கள்: என் 40 அங்குல உதாரணத்தில் சுழல்புள்ளியிலிருந்து கேபின் 62 அங்குலம். மூக்கு அந்தப் புள்ளியிலிருந்து 34, பக்கவாட்டில் 51, மூலையின் ஆரம் 61.3. கூர்மூலை முகப்பாக இருந்தால் முக்கால் அங்குலம்தான் மிச்சம்! உருண்ட முகப்புக்குத்தான் இது நிம்மதி.

ஐந்தரை அடி பெட், 1500 என்ற இலகுரகப் பிக்கப். இதில் ஃபிஃப்த் வீல் மாட்டலாமா?

மாட்டுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. இடிக்குமா என்பதற்கு முன் எடை தாங்குமா என்று பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் கரையிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1500 ரக வண்டிகள் பலவற்றில் அது 1,500 முதல் 2,000 பவுண்டுக்குள். ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் கிங்பின்னில் இறங்கும். 20 என்று வைத்துக்கொண்டால், 8,000 பவுண்டு ட்ரெய்லருக்கே 1,600. அதோடு ஹிட்சின் எடை, மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, அம்மா கட்டிக்கொண்டுவரும் ஊறுகாய் பாட்டில்கள். எங்கே இடம்?

விற்பனைக் கடையில் சொல்லும் “இழுக்கும் திறன் 12,000” என்ற எண் இங்கே உதவாது. இழுப்பது வேறு, முதுகில் சுமப்பது வேறு. சந்தேகம் இருந்தால் சாமான்களோடு மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் மூன்றையும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். முன் ஆக்சில் எடை, ட்ரெய்லர் இல்லாமல் நிறுத்தியபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தால் ஹிட்ச் எங்கேயோ பின்னால் போயிருக்கிறது.

பெட்டைத் துளைத்து ரெயில் பூட்டுவதா, தொழிற்சாலையிலேயே வரும் துளைகளா?

புதிதாக வண்டி வாங்கப்போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தொழிற்சாலை அமைப்போடு வாங்குங்கள். ஃபோர்டு, ஜிஎம், ராம் மூன்றும் கனரகப் பிக்கப்புகளில் இதைத் தருகின்றன. பெட் தரையில் ஒரு செவ்வகத்தின் மூலைகள்போல நான்கு துளை, அவற்றின் நடுவில் கூஸ்நெக் என்ற வேறு வகை ட்ரெய்லரை மாட்டும் பந்துக்கு ஒரு துளை, மூடி போட்டு மூடியிருக்கும். ஹிட்சின் நான்கு கால்களையும் இறக்கித் திருகினால் முடிந்தது. தேவையில்லாதபோது கழற்றிவிட்டு பெட்டில் மெத்தையோ மண்ணோ ஏற்றலாம். இடத்தையும் தொழிற்சாலையே தீர்மானித்துவிட்டது, நீங்கள் நூலும் நட்டும் தேடவேண்டாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் துளைகளின் அளவு வேறு, ஹிட்சை அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.

நடுத் துளையில் உள்ள பந்து அமைப்பின்மேல் உட்காரும் ஹிட்சும் உண்டு. பி அண்ட் டபிள்யூ கம்பேனியன் இந்த வகை. பந்தின் நடுவும் தாடையின் நடுவும் ஒரே இடம் என்று எடுத்துக்கொள்ளாமல் கையேட்டில் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

பழைய வண்டி என்றால் ரெயில்தான். பெட்டின் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகள், அவற்றை அடியில் உள்ள சட்டத்தோடு பிணைக்கும் பிராக்கெட்டுகள். இதில் நான் பார்த்த பெரிய தவறு, இரண்டு ரெயில்களுக்கும் நடுவே ஆக்சில் கோடு வரும்படி பூட்டிவிடுவது. தாடையின் நடு எல்லா ஹிட்சிலும் ரெயில்களின் நடுவில் இருப்பதில்லை. ஹிட்சை முதலில் ரெயில்மேல் வைத்து, தாடையின் நடுவுக்கு மேல் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள்.

துளைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் குழாய், பிரேக் குழாய், வயர்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் ஓடுகின்றன. ஒரு மெல்லிய துளையை முதலில் போட்டு, கீழே போய்ப் பார்த்து, அப்புறம் பெரிதாக்குவது நல்ல பழக்கம். பெட் தரை அலை அலையாக இருக்கும், பள்ளத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கிட்டில் கொடுத்திருக்கும் அணைத்தகடுகளைச் செருகாமல் போல்ட்டை முறுக்கினால் தரை நசுங்கும், நாளடைவில் போல்ட்டும் தளரும். சட்டத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். முதல் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்துத் திரும்பச் சரிபாருங்கள்.

2017 மாடல் முதல் வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் பெட் அலுமினியம். ஈரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், நடுவே ரப்பர் அல்லது பூச்சு வேண்டும்.

முன்பின் இடம் சரி, உயரம்?

ட்ரெய்லரின் அடிப்பகுதிக்கும் பெட்டின் பக்கச்சுவர் மேல்விளிம்புக்கும் இடையில் குறைந்தது ஐந்தரை, ஆறு அங்குலம் விடுங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி சாயும், அப்போது இந்த இடைவெளி மளமளவென்று குறையும். கூடவே ட்ரெய்லர் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். இன்றைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகள் ஆள் உயரத்துக்கு நிற்பதால் இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பது கஷ்டம். ஹிட்சை இறக்கினால் விளிம்பு இடிக்கும், ஏற்றினால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு தன் பின் சக்கரங்களில் அதிக எடையைப் போடும்.

ஹிட்சின் தலையையும் பின் பாக்ஸையும் இரண்டு மூன்று துளை மேலே கீழே மாற்றலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் ட்ரெய்லரின் ஆக்சிலடியில் உயர்த்த வேண்டியிருக்கும். உயர்த்தினால் மொத்த உயரத்தையும் மறக்காமல் அளங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம்தான் எல்லை, ஏசியோடு சேர்த்து. ட்ரெய்லரின் உயரத்தை ஒரு டேப்பில் எழுதி முன்கண்ணாடிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். பாலத்துக்குக் கீழே போகும்போது யோசிக்கும் நேரம் கிடைக்காது.

கேபினை ஒட்டி டூல் பாக்ஸ் இருக்கிறது. எடுத்துவிட வேண்டுமா?

அது பக்கச்சுவர் விளிம்புக்கு மேலே எழும்பியிருந்தால் உங்கள் கேபின் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று கணக்குப் போடுங்கள். விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் ட்ரெய்லர் மூக்கு மேலேயே போய்விடும். கூடுதல் டீசல் டாங்க் பொருத்துகிறவர்களுக்கும் இதே பதில்.

இடம் சரியாகப் பூட்டியாகிவிட்டது. மாட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கிங்பின் தாடைக்குள் போகாமல் தாடையின் தலைமேல் ஏறி உட்காருவதுதான் பயங்கரம். வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியதுபோலவே இருக்கும், முதல் பிரேக்கில் ட்ரெய்லர் பெட் சுவர்மேல் விழும். இதைத் தவிர்க்க, பின்னே வரும்போது ட்ரெய்லரின் தட்டு ஹிட்சின் தட்டைவிட ஒரு துளி தாழ்வாக இருக்கட்டும். ஹிட்ச் அதை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மாட்டியதும் டார்ச் அடித்து இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மாட்டவில்லை. அப்புறம் ட்ரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை அழுத்தியபடி பிக்கப்பை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் கால்களைத் தூக்குவது அதற்குப் பிறகுதான்.

ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டால் அதன் பிரேக்கைப் போடும் மெல்லிய கேபிளைப் பிக்கப்பில் கட்டுங்கள், ஹிட்சின் கைப்பிடியில் அல்ல. ஹிட்சே கழன்று போனால் கேபிளும் அதோடு போய்விடும்.

டெயில்கேட்டை, அதாவது பெட்டின் பின்கதவை, மூடலாமா?

மாட்டி முடித்த பிறகு மூடலாம், மூக்கின் அடிப்பகுதி அதற்கு மேலே இருக்கும் என்பதால். கழற்றும்போது முதலில் திறந்துவிடுங்கள். மறந்துவிட்டு முன்னால் நகர்ந்தால் பின் பாக்ஸ் டெயில்கேட்டை உட்புறத்திலிருந்து வாரிக்கொண்டு போகும். எங்கள் தெருவில் மூன்று ஃபிஃப்த் வீல்கள் இருக்கின்றன. மூன்று பிக்கப்புகளில் இரண்டின் டெயில்கேட் வேறு நிறம்.